பெயர் மறைத்த பட்டியல்

சித்தாண்டி,
12.01.2025

அன்புள்ள மீராசாஹிப்,

கட்டாரில் மகள் முப்லிஹாவுடன் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் மனைவி இலட்சுமிப்பிள்ளையும் நலம். அவளுக்கு முழங்கால் நோவுதான் ஓயவில்லை. வயல் வட்டையில் நெற்கதிர் பால் பிடித்துவிட்டது. மழை இன்னும் விடவில்லை.

இருபத்திரண்டு வருடமாக எழுதாதவன் ஏன் இப்போது எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். போன மாதம் கேதீஸ்வரி வந்தாள். என்னிடம் கணிதம் படித்தவள், இப்போது அவளே உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறாள். புள்ளிவிபரப் பாடத்துக்கு ஊர் உதாரணம் ஒன்று வேண்டுமாம். நீங்கள் இங்கே விவசாயப் போதனாசிரியராக இருந்தபோது கொண்டுவந்த புதிய விதைநெல்லின் கணக்கை எடுத்துக் கொடுத்தேன்.

நினைவிருக்கிறதா? எட்டுப் பேரின் வயலை வரம்பு போட்டு இரண்டாக்கினோம். ஒரு பாதியில் பழைய நெல், மறுபாதியில் உங்கள் நெல். எது எதற்கென்று நாணயம் சுண்டினோம். அறுவடை நாட்களில் என் சைக்கிளை நீங்கள் மிதிக்க, நான் பின்னால் விளைச்சல் சீட்டுகளைச் சட்டைப்பையோடு பொத்திக்கொண்டு இருப்பேன். அந்த எட்டுப் பேரில் ஒருவரான கண்ணகை அக்கா எருமைத் தயிர்ச் சட்டியை நீட்டி, "ரெண்டு உத்தியோகத்தருக்கும் ஒரு சைக்கிள்தானா?" என்று சிரிப்பார்.

கேதீஸ்வரி பட்டியலைப் பார்த்துவிட்டு, "சேர், இதில ஆர்ர வயல் எது எண்டே தெரியல்லையே" என்றாள்.

பரீட்சைத் தாள்களைப் பெயர் மறைத்துத் திருத்திப் பழகிய கை. அதுதான் நியாயம் என்று பெயர்களை விட்டுவிட்டு, இரண்டு வகுப்புகளின் பரீட்சைப் புள்ளிகளைப் போல, எதற்கு எது ஜோடி என்று பாராமல் இரண்டு நிரலாக எழுதியிருந்தேன். ஒருவர் வயலில் ஒன்பது மூட்டை, இன்னொருவர் வயலில் இருபத்துமூன்று. அந்த ஏற்றத்தாழ்வுக்குள் உங்கள் நெல் கூடுதலாகத் தந்த ஒன்றரை மூட்டை மூழ்கிப்போனது. ஊர் விவசாயிகள் கூடிய கமக்காரர் கூட்டத்தில் எழும்பி, இந்தக் கூடுதல் விளைச்சல் தற்செயல்தான் என்று நான் சொன்னது அதை வைத்துத்தான்.

பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். பின்புறத்தில் உங்கள் கையெழுத்தில் பெயர்கள். அவரவர் புதிய நெல்லிலிருந்து அவரவர் பழைய நெல்லைக் கழித்தேன். கண்ணகை அக்காவுக்கு ஒன்பது மூட்டை, பத்தரையாகியிருந்தது. உதயரூபனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கரையாக. எட்டுப் பேருக்கும் புதிய நெல்தான் கூட விளைந்திருந்தது. இரண்டு நெல்லும் ஒன்றுதான் என்றால், எட்டுமுறை நாணயம் சுண்டி எட்டும் தலையாக விழுவது மாதிரி. இருநூற்றைம்பத்தாறில் ஒரு தடவை நடக்கும். ஒரு போகத்தை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடியதல்ல அது.

அன்று கூட்டத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களை மறந்துவிட்டேன். வெளியே வந்து, "வாத்தியார், நீங்களாவது என்ட பக்கம் நிப்பீங்க எண்டு நெனச்சன்" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. அடுத்த மாதமே இடமாற்றம் கேட்டுப் போய்விட்டீர்கள்.

போன ஞாயிறு கமக்காரர் அமைப்பில் திருத்திய கணக்கை வாசித்தேன். கண்ணகை அக்கா எழும்பி, "அப்ப அந்த மனிசன் சொன்னது சரிதானே! எங்களுக்குச் சொல்லி என்ன, அவருக்கு எழுதினீங்களா?" என்று கேட்டார்.

எழுதிவிட்டேன்.

புதிய அறிக்கையில் எட்டுப் பெயர்களும் இருக்கின்றன. கீழே என் கையொப்பம். பக்கத்தில் உங்களுடையதற்கு இடம் விட்டிருக்கிறேன். நோன்புப் பெருநாளுக்கு நீங்கள் ஏறாவூர் வருவதாகக் கேள்விப்பட்டேன். ஒரு எட்டு இங்கேயும் வாருங்கள். சைக்கிள் இன்னும் ஓடுகிறது. இம்முறை நான் மிதிக்கிறேன்.

இறைவன் உங்களுக்கு நல்ல சுகத்தையும், இந்த வாத்தியாரைப் பொறுக்கும் மனதையும் தரட்டும்.

உங்கள்,
வ. நல்லரத்தினம்