பாத்தியில் ஆடிய பந்து

8-12-73, சனி

கல்லூரி ஃபுட்பால் போட்டி, முதல் ரவுண்டு, விழுப்புரத்தில். 2-1. ஜெயித்தது நாங்கள்தான். இரண்டு வருஷமாக முதல் நாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிய டீம் இது. நான் லெஃப்ட் பேக். என்னைத் தாண்டி ஒருத்தன்தான் போனான், அவன்தான் கோல் போட்டான். மரக்காணம் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

22-12-73, சனி

இரண்டாவது ரவுண்டு. எதிர் டீம் வரவேயில்லை, வழியில் வேன் நின்றுவிட்டதாம். ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்துவிட்டு ஜெயித்தோம்.

9-1-74, புதன்

உப்பளத்தில் மழைத் தண்ணீர் வடிந்துவிட்டது. காலை ஐந்து மணிக்கு அப்பாவோடு சேறு அள்ளினேன். ஏழு மணிக்கு பஸ். மதியம் ஹிஸ்டரி வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினேன். நாலு மணிக்கு பிராக்டிஸ். வீடு வந்து சேர எட்டரை. பேனாவைப் பிடிக்கக்கூட முடியவில்லை.

அப்பாவும் அம்மாவும் இன்று பாத்தி மிதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தரையைக் காலாலேயே மிதித்து இறுக்கினால்தான் உப்பு வெள்ளையாக வரும். இல்லையென்றால் மண்ணும் கூடவே வரும். நானும் இறங்குகிறேன் என்றேன். "நீ குதிப்ப. தள்ளி நில்லு. போய்ப் படி" என்றார் அப்பா. சின்ன வயசிலிருந்து இதே பேச்சுதான். சரி, ஒரு வேலை குறைந்தது.

19-1-74, சனி

காலிறுதி, கடலூரில். 1-0. எக்கியார்குப்பத்துக் கலியபெருமாள், எங்கள் சென்டர் பார்வர்ட், கடைசி நிமிஷத்தில் தலையால் முட்டினான். பி.டி. மாஸ்டர் தட்சணாமூர்த்தி சார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். எங்கள் கல்லூரி செமி பைனலுக்குப் போவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 2-ஆம் தேதி செமி. எனக்கு இது கடைசி வருஷம். ஏப்ரலுக்குப் பிறகு என்னை எந்த டீமில் யார் சேர்க்கப் போகிறார்கள்? அந்த ஒரு மேட்ச் ஆட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

21-1-74, திங்கள்

கல்லூரி மைதானத்தில் ஆண்டு விழாவுக்குப் பந்தல் நடுகிறார்கள். பத்து நாளைக்கு பிராக்டிஸ் இல்லை. "எங்கயாவது சமதரை இருந்தா சொல்லுங்கடா" என்றார் சார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் பாத்திகள் எட்டும் மிதித்து முடித்துக் காய்கின்றன, மேசை மாதிரி இருக்கின்றன என்றேன். பதினோரு பேர் ஓடினால் தரை இன்னும் இறுகும், அப்பாவுக்கும் உபகாரம் என்று பெருமை வேறு.

22-1-74, செவ்வாய்

அப்பாவும் அம்மாவும் பெரிய முதலியார்சாவடியில் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சாயங்காலம் கடைசி மூன்று பாத்தியில் ஆடினோம். எல்லாரையும் பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். அந்த அளவுக்கு அறிவு இருந்தது. இந்த சீசனிலேயே நல்ல பிராக்டிஸ் இதுதான்.

23-1-74, புதன்

தரை மேலேதான் காய்ந்திருந்தது. உள்ளே ஈரம். நாங்கள் ஓடித் திரும்பிய இடமெல்லாம் குதிகால் குழி, மேல் தோல் உரிந்து கிடக்கிறது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"யாருடா ஓடுனது?"

"நாங்கதாம்பா. இறுகும்னு நெனச்சேன்."

"ஓடுனா பிஞ்சிரும்டா. காலுக்குப் பக்கத்துல கால வச்சு நடக்கணும். இதுகூட தெரியாதா உனக்கு?"

தெரியாது. இருபத்தொரு வயசாகிறது, சவரிமுத்து மகன், உப்பளத்தில் வளர்ந்தவன், எனக்குத் தெரியாது.

மூன்று பாத்தியையும் கொத்தி, தண்ணீர் தெளித்து, முதலிலிருந்து மிதிக்க வேண்டும். பிப்ரவரி 4 அன்று வாய்க்கால் திறக்கிறார்கள், எல்லார் உப்பளத்துக்கும் ஒரே நாள். தயாராகாத பாத்திக்கு முதல் தண்ணீர் கிடையாது. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

26-1-74, சனி

குடியரசு தினம். கொடியேற்றத்துக்குப் போகவில்லை, மிதித்தேன். அம்மா முன்னால், நான் பின்னால். ஒரு பாத்தியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்த் திரும்ப ஒரு யுகம் ஆகிறது. விரல் இடுக்கில் உப்புத் தண்ணீர் எரிகிறது. அம்மாவுக்குக் குதிகால் வெடித்து ரத்தம் வருகிறது. துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள்.

29-1-74, செவ்வாய்

பிய்ந்த தரை முதல் தடவை மாதிரி சீக்கிரம் இறுகவில்லை. ஒரு பாத்திதான் முடிந்திருக்கிறது. நான் சனிக்கிழமை போய்விட்டால் இவர்களால் முடியாது. அப்பா சொல்கிறார், "நீ போய் ஆடு, நாங்க பாத்துக்கறோம்." அம்மா குதிகால் துணியை இறுக்கிக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

போகக் கூடாது. போகணும். எனக்குப் போகணும்.

30-1-74, புதன்

எக்கியார்குப்பம் போய்க் கலியபெருமாளிடம் விஷயத்தைச் சொல்லி, நான் வரவில்லை என்றேன். வலை உலர்த்திக்கொண்டிருந்தான். "அப்படியா" என்றான். அவ்வளவுதான். என்னை வரச்சொல்லி ஒரு வார்த்தை கெஞ்சுவான் என்று நினைத்தேன் போலிருக்கிறது. திரும்பி வரும் வழியில் அழுதேன்.

31-1-74, வியாழன்

காலை பஸ்ஸிலிருந்து மொத்த டீமும் இறங்கியது, பத்து பேர். சாருக்குத் தெரியாதாம். "நாங்களுந்தான ஓடுனோம்" என்றான் கலியபெருமாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே.

அம்மா எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். "ஓடாதீங்க, குதிக்காதீங்க. திருநாள்ல சப்பரத்துக்குப் பின்னால போவீங்க இல்ல, அப்படிப் போங்க." எங்கள் கோல்கீப்பர் காசிலிங்கத்துக்குச் சேறு பட்டால் கூச்சம், சிரித்துக்கொண்டே நடந்தான். மத்தியானத்துக்கு மேல் அவனும் சிரிக்கவில்லை.

1-2-74, வெள்ளி

சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்தது. மூன்றும் முடிந்தது. எல்லார் காலும் வெந்துபோயிருக்கிறது. காசிலிங்கம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே படுத்துவிட்டான்.

நாளைக்கு நானும் ஆடலாம். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

2-2-74, சனி

0-5.

ஆடினேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. யாருக்கும் கால் எழவில்லை. பூட்ஸுக்குள் புண். இடைவேளையில் சார் தண்ணீர்கூடக் குடிக்காமல் கேட்டார், "ஏண்டா, எல்லாரும் நடந்துகிட்டு இருக்கீங்க? என்னடா ஆச்சு உங்களுக்கு?" ஒருத்தனும் என் பெயரைச் சொல்லவில்லை. யாராவது சொல்லித் தொலைத்திருக்கலாம். ஐந்தில் மூன்று கோல் என் பக்கமாகத்தான் போனது.

இரவு வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

4-2-74, திங்கள்

எட்டுப் பாத்திக்கும் தண்ணீர் வந்துவிட்டது.

7-2-74, வியாழன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பந்துகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு, கட்டிய முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அந்தோணிதாஸ், கிளாசுக்கு நேரமாச்சு, போ" என்றார். எப்போதும் டேய் என்றுதான் கூப்பிடுவார்.

20-2-74, புதன்

பரீட்சை ஃபீஸ் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். கலியபெருமாள் வகுப்புக்கு வருவதில்லை, கடலுக்குப் போகிறானாம். கால் இன்னும் சரியாகவில்லை.

11-3-74, திங்கள்

இன்று முதல் உப்பு எடுத்தோம். அந்த மூன்று பாத்தியிலும் துளி மண் இல்லை, கண் கூசுகிற வெள்ளை. பக்கத்து உப்பளத்துக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நல்ல புள்ளைங்கடா. ரெண்டு நாளு முகம் சுளிக்காம நடந்தானுங்க" என்று அவரிடமும் சொன்னாள், என்னிடமும் சொன்னாள்.

அப்பா உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, "அந்த ஆட்டம் என்னடா ஆச்சு? நீ சொல்லவே இல்லையே" என்றார்.

ஒரு மாசமாகிவிட்டது. இனிமேல் கேட்கமாட்டார் என்றுதான் இருந்தேன். தோற்றோம் என்றால் எப்படி என்று கேட்பார். எப்படி என்று சொன்னால் இந்த உப்பை அவர் எப்படிப் பார்ப்பார்?

"ஜெயிச்சிட்டோம்பா" என்றேன்.

"பின்ன?" என்றார் அப்பா, அம்மாவைப் பார்த்து. "நான் சொல்லல?"