நீ மாட்டிய டைமிங் செயின்

பாபு மாமா,

இன்று காலை வண்டிக்குச் சாவி போட்டேன். எஞ்சின் படம் போட்ட அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பியதும் அணைந்துவிட்டது. பிறகு எரியவே இல்லை. பத்து நாளாக இப்படித்தான். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

அது உன்னை எவ்வளவு படுத்தியது! கம்பெனி ஆட்களை ஷிஃப்ட்டுக்கு இறக்கிவிட்டு ஒரகடத்திலிருந்து திரும்புவாய், விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பாய். எப்போதும் அதே கோளாறு நம்பர்.

"மேல ஒரு ஷாஃப்ட், கீழ ஒரு ஷாஃப்ட். ரெண்டும் ஒத்துப்போய் சுத்தணும். ஒண்ணு முந்திக்கினு போவுதுன்னு கம்ப்யூட்டர் கத்துது" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாய்.

"நம்ம ரெண்டு பேர் மாதிரியா?" என்றேன்.

"நீ எங்க சுத்துற? நின்ன எடத்துல நின்னு கத்துறதோட சரி."

நம்பரை அழித்தால் நாலு நாளில் திரும்ப வந்துவிடும். ரெண்டு ஷாஃப்ட்டையும் சேர்த்துச் சுற்றவைக்கிற டைமிங் செயின் நீண்டுபோயிருக்கும் என்று நீயே எஞ்சினைப் பிரித்துப் புதுசு மாட்டினாய். அப்புறமும் விளக்கு வந்தது. ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டோமோ என்று மறுபடி பிரித்தாய். சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வந்தது. அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தபடி உன் கையையே பார்த்துக்கொண்டு, "இந்தக் கை போயிடுச்சி போலக்கீது" என்றாய். நான் குழம்பு ஊற்றினேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

கடைசியாக மேல் ஷாஃப்ட்டைக் கவனிக்கிற சென்சாரை மாற்றினாய். சில மாதம் விளக்கு வரவில்லை. தை மாதம் நீ கண்ணை மூடிவிட்டாய். நீ போன பிறகு அது திரும்ப வந்தது.

வண்டியை வாங்க மணிமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். ஸ்கேனரைப் பார்த்துவிட்டு, "எவனோ எஞ்சினைப் பிரிச்சி தப்பா மாட்டிகீறான்மா" என்றார். எவனோவாம்! வண்டி விற்பதற்கில்லை என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாளே வல்லம் வடகாலுக்கு, உன்னோடு மெக்கானிக் வேலை கற்ற ஏழுமலை அண்ணன் கடைக்கு, ஒரு டிரைவரை வைத்து வண்டியைக் கொண்டுபோனேன். "செயினைப் பாருங்கண்ணா. அவரு மேல தப்புன்னா தப்புன்னே சொல்லுங்க" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பிரித்தார். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"கோட்டுக்குக் கோடு நேரா கீதும்மா. அவன் மாட்டுனது தப்பாது" என்றார்.

அப்புறம்தான் சென்சாருக்குப் போகும் ஒயரின் பிளக்கைக் கழற்றினார். உள்ளே கம்பியெல்லாம் பச்சை பூத்திருந்தது. ஓரத்தில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"இன்னாம்மா இது, சந்தனம்!"

வருடா வருடம் ஆயுத பூஜைக்குப் பானட்டைத் திறந்து, எஞ்சினில் கை போகிற இடமெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தது நான்தான். தண்ணியாகக் கரைத்து வைப்பேன். பிளக்கின் ரப்பர் கிழிந்திருந்ததால் அது உள்ளே வழிந்திருக்கிறது.

"கம்ப்யூட்டருக்கே பொட்டு வெச்சிட்டியே தங்கச்சி" என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

பிளக்கை மாற்றிய பிறகு விளக்கு வரவில்லை. வண்டியை வைத்துக்கொண்டேன். ஓட்டப் பழகுகிறேன்.

ஒன்றுதான் மனசை விட்டுப் போகவில்லை. சென்சாரை மாற்றியவன் அந்தப் பிளக்கைக் கழற்றாமல் மாற்றியிருக்க முடியாது, துடைத்து மாட்டியிருப்பான், சில மாதம் தாங்கியது அதனால்தான், பச்சை பூத்தது துடைத்தால் நிற்காது என்கிறார் அண்ணன். நீ சென்சாரை மாற்றிய பிறகு வந்த பூஜையில், "எஞ்சினுக்குப் பொட்டு வாணாம், ஸ்டீயரிங்குக்கு வெச்சா போதும்" என்று என் கையைப் பிடித்தாய். ஏன் என்று கேட்டேன். "வேலை செய்றப்ப கை வழுக்குது" என்றாய்.

சந்தனத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாய் என்றால், உன் கையில் குறை இல்லை என்று தெரிந்துதான் போயிருக்கிறாய். என்னைக் குற்றம் சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். அப்படியென்றால் சரி. நான் தாங்கிக்கொள்வேன்.

பார்த்தாய்தானே, மாமா?