நான்கு நியூட்ரான்கள் கூடுதல்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று இன்றைக்கு மனசறிந்து எழுத முடிகிறது, போன வாரம் எழுதியிருந்தால் அது பொய்யாக இருந்திருக்கும். எத்தனை முறை கூப்பிட்டாலும் நீ போனை எடுப்பதில்லை, மாப்பிள்ளையைக் கூப்பிட்டால் "அவ தூங்கறா மாமா" என்கிறார், ஒரு மனுஷி இவ்வளவு தூங்க முடியாது என்பது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், நடுவில் மாட்டிக்கொண்டு அவர் பாவம். அதனால்தான் இந்தக் கடிதம். கோபத்தில் இதைக் கசக்கி எறிவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் செய்துவிடு, இங்கே வருவதற்கு எடுத்து வைத்திருக்கும் விமான டிக்கெட்டைத் தள்ளிப் போடு. ஏன் என்று சொல்கிறேன். "முழுகாம இருக்கேன், அம்மாகிட்ட வந்து கொஞ்ச நாள் இருக்கேன்னு சொன்னா, வராதேன்னு எந்தத் தாயாவது சொல்லுவாளா" என்று நீ மாப்பிள்ளையிடம் அழுதாயாம். உன் அம்மா "வராதே" என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு போனை வைத்தபோது நான் எதிரில்தான் நின்றிருந்தேன். வைத்த பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை.

உன் அம்மாவுக்குக் கழுத்தில் தைராய்டு சுரப்பியில் புற்றுநோய் வந்தது. எழுதிவிட்டேன், நீயும் படித்துவிட்டாய், இனி மூச்சை விடு. ஆபரேஷன் முடிந்துவிட்டது, சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொள்கிற வகைதான் இது என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று நீ ஒருநாள் கேட்டாயே, பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் தூசி என்று சொல்லிச் சமாளித்தாளே, அது தையல் பிரித்த சமயம். எல்லாம் முடிந்து, கடைசி ஸ்கேனும் நல்லபடியாக வந்த பிறகு உன்னிடம் சொல்லலாம் என்பது அவள் கணக்கு. அதற்குள் நீ உன் நல்ல செய்தியைச் சொன்னாய். உடனே அவள் என்னைக் கூப்பிட்டு, உனக்கு நாலு மாதம் தாண்டும்வரை உன் காதில் ஒரு வார்த்தை போகக் கூடாது என்று சத்தியம் வாங்காத குறை. நான் தலையை ஆட்டினேன். இப்போது அதை மீறித்தான் எழுதுகிறேன், வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகத்தான் இருக்கிறேன்.

ஆபரேஷன் செய்தும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதற்குக் கதிரியக்க அயோடின் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை என்றால் விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். உன் அம்மாவோ ஒன்பதாம் வகுப்புக்கு முதல் பாடம் நடத்துகிற மாதிரி என்னை உட்கார வைத்து, ஒரு தாளில் வட்டம் போட்டு ஆரம்பித்துவிட்டாள். வண்டி ஓட்டப் பழக்குகிறவனுக்கு அணுவைப் பற்றி என்ன தெரியும், ஆனாலும் கேட்டேன். "நடுவுல இருக்கறது உட்கரு. அதுல புரோட்டான் அம்பத்திமூணு இருந்தா அது அயோடின். ஒண்ணு கூடினாலும் குறைஞ்சாலும் பேரே மாறிடும். நியூட்ரான் அப்படி இல்ல, அது கூடினா பேரு மாறாது, எடை மட்டும்தான் கூடும். உப்புல இருக்கற அயோடினுக்கு நியூட்ரான் எழுபத்திநாலு. எனக்குக் குடுக்கப் போறதுல நாலு கூடுதல். உடம்புக்கு எண்ணத் தெரியாதுங்க, வழக்கமா வர்ற அயோடின்தானேன்னு தைராய்டு செல் அதை வாரி உள்ள வச்சுக்கும். ஆனா அந்த நாலு கூடினதால உட்கரு நிலையா நிக்காது, உடையும், உடையும்போது கதிரை விடும். மிச்சமிருக்கற செல் அதுல செத்துடும்" என்றாள். அந்தக் கதிர் அவள் உடம்போடு நிற்காது, வெளியேயும் வரும், அதனால் கொஞ்ச நாள் யாரும் பக்கத்தில் வரக் கூடாது, அதிலும் வயிற்றுப் பிள்ளையோடு இருப்பவர்கள் அண்டவே கூடாது, குழந்தைக்கும் கழுத்தில் ஒரு சின்ன தைராய்டு முளைக்கும், அதற்கும் எண்ணத் தெரியாது என்றாள். எட்டு நாளில் பாதி குறைந்துவிடும் என்றதும், அப்படியானால் பதினாறு நாளில் சுத்தமாகத் தீர்ந்துவிடும் என்று நான் சொன்னேன். சிரித்துவிட்டாள். பாதியில் பாதி போனால் கால் மிச்சம் இருக்கும், வகுப்பில் கடைசி பெஞ்சுகூட இதைச் சொல்லிவிடும் என்றாள். பல வாரங்களில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மாத்திரை கொடுத்த பெரிய ஆஸ்பத்திரி ஊரின் மறுகோடியில். தனி அறையில் வைத்திருந்து, கருவியால் அளந்து பார்த்து, வீட்டுக்கு அனுப்பினார்கள், கதிர் மருந்து சாப்பிட்டவர் என்று எழுதி, அவசரத்துக்கு ஒரு போன் எண்ணும் போட்ட அட்டை ஒன்றைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். உன் அறைதான் அவளுக்கு. தட்டு தனி, துணி தனி, குளியலறை தனி. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கச் சொல்லியிருந்தார்கள், முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி என்று நாள் முழுக்கக் கண்ணாலேயே அளப்பவன் நான், கூடத்தில் ஓர் இடத்தில் நின்று இது போதும் என்றேன். "உங்க கண்ணு அளக்கற ரெண்டு மீட்டர் வேற, நிஜ ரெண்டு மீட்டர் வேற, டேப்பை எடுங்க" என்றாள். அளந்தால் ஒரு முழம் குறைவு. அதற்குப் பிறகு என்மேல் நம்பிக்கை போய், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள். தட்டை வாசலில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் திறப்பாள். தட்டு பாதிக்குப் பாதி திரும்பி வரும். மாத்திரைக்குப் பிறகு வாந்தி வரலாம் என்று சொல்லியிருந்தார்கள், அவளுக்கு விடாமல் வந்திருக்கிறது, கூடவே தினமும் சாப்பிட வேண்டிய கால்சியம் மாத்திரையும் வெளியே போயிருக்கிறது. எனக்குத் தெரிந்தால் கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பேன் என்று சொல்லவே இல்லை. தைராய்டுக்குப் பின்னால் கடுகு மாதிரி நாலு சுரப்பிகள் இருக்கின்றனவாம், ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பது அவைதானாம், ஆபரேஷனில் அவை அடிபட்டுச் சோர்ந்து கிடந்தால் மாத்திரைதான் கதி. இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு நான் தெரிந்துகொண்டது.

அன்று பிற்பகல் ஒரு பெண்ணுக்கு வளைவில் திருப்பப் பழக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மத்தியானம் வைத்த தட்டு வாசலில் அப்படியே இருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. பலமாகத் தட்டினேன். உள்ளேயிருந்து "வராதீங்க" என்று ஒரு சத்தம், அவள் குரல் மாதிரியே இல்லை, நாக்கு தடித்தவர் பேசுகிற மாதிரி. "கை இழுத்துக்கிச்சு, தாழ்ப்பாளைப் பிடிக்க முடியல" என்றாள். பிறகு மூச்சு இழுக்கிற சத்தம், விசில் மாதிரி. கதவை உடைக்கிறேன் என்றால் வேண்டாம், கிட்டே வராதீங்க என்று அதையே சொல்கிறாள். அவள் போட்ட கட்டளையைக் கேட்பதா என் கையைக் கேட்பதா என்று புரியவில்லை. அட்டையில் இருந்த எண்ணை முதல் நாளே என் போனில் குறித்து வைத்திருந்தேன், அதற்குப் போன் போட்டேன். எடுத்தவர் நான் முடிப்பதற்குள், "உடனே உள்ள போங்க சார். தள்ளி நிக்கச் சொன்னது கூடவே இருக்கறவங்களுக்கு. தூக்கிட்டு வர்ற நேரத்துல உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உயிர்தான் முதல்ல. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ அங்க போங்க" என்றார். வண்டியின் ஜாக்கி கம்பியை எடுத்து வந்து நெம்பினேன். உன் அலமாரியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பி, உதடு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு. தூக்கும்போதுகூட முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள், என்மேல் மூச்சுக்கூடப் படக் கூடாதாம். பழகுவதற்கு வைத்திருக்கும் வண்டிதானே நம்முடையது, முன்னாலும் பின்னாலும் பழகுநர் பலகை, அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு ஹாரன் அடிக்கிறார்கள், வழி விடுகிறவர் ஒருவரும் இல்லை. நான் பழக்குபவனுக்கென்று தனி பிரேக் வைத்த இடது பக்க சீட்டிலேயே உட்கார்ந்து பழகியவன், ஸ்டியரிங் என் கையில் இருந்தும் சிக்னல் வரும்போதெல்லாம் கால் பிரேக்கைத் தேடித் தப்பான பக்கம் போனது. பின் சீட்டின் கோடியில் இருந்து "முன்னாடி பாத்து ஓட்டுங்க" என்று குழறினாள்.

பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது நர்ஸ் ஓடி வந்தாள், உன் வயதுதான் இருக்கும். விரலைப் பார்த்ததுமே கால்சியம் இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், நரம்பில் ஏற்ற வேண்டும், சீக்கிரம் என்றார். அந்தப் பெண் ஊசியோடு குனிந்து கையைப் பிடித்தாள். உன் அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "கார்டு, கார்டு" என்கிறாள். அட்டை புடவைத் தலைப்புக்குள் மாட்டிக்கொண்டிருந்தது, எடுக்க அவளுக்கு விரல் வேலை செய்யவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது அம்மாடி. ஆனால் நான் எடுத்துக் காட்டவில்லை. காட்டினால் எல்லோரும் பின்வாங்குவார்கள், யார் தொடுவது என்று பேச ஆரம்பிப்பார்கள், அதற்குள் இவள் மூச்சு நின்றுவிடும் என்று பயம். "அவ ஏதோ உளர்றா, நீங்க ஊசியைப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் நேராக, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக் கேட்டாள், "நீ மாசமா இருக்கியா?" அந்தப் பெண் திகைத்துப் போனாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், சொல்லவில்லை, கை தானாக வயிற்றுக்குப் போனது. டாக்டர் அவளைப் பார்க்கிறார், அங்கே யாருக்குமே அது தெரியாத செய்தி. "ஆமாம்மா" என்றாள், காதில் விழுந்தும் விழாத குரலில். "அப்ப தள்ளிப் போ. எனக்குக் கதிர் அயோடின் குடுத்திருக்காங்க. வேற யாரையாவது வரச் சொல்லு" என்றாள் உன் அம்மா. அந்தப் பெண் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு ஓடினாள். வேறு ஆள் வருகிறவரை இருந்த நேரம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூச்சு ஒவ்வொரு தடவையும் உள்ளே போகும்போது கீச்சென்று கத்தியது, உதடு நீலம் பாரித்தது, டாக்டர் தானே ஊசியை எடுத்துக்கொண்டு நரம்பைத் தேட ஆரம்பித்தார். அப்போது ஒரு வயதான நர்ஸ் கைக்கு உறை மாட்டிக்கொண்டே வந்து, டாக்டரை நகரச் சொல்லி, ஒரே குத்தில் ஏற்றிவிட்டார். மருந்து மெல்லத்தான் போக வேண்டுமாம். போகப் போகப் பெருவிரல் பிரிந்தது, பிறகு சுண்டுவிரல், பிறகு கை முழுதும் படுக்கையில் விரிந்து கிடந்தது. நான் வெளியே போய் வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்று அழுதேன்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து அளக்கும் கருவியோடு ஒருவர் வந்தார். உன் அம்மாவின் கழுத்துக்கு நேரே ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்துவிட்டு ஒரு எண்ணைச் சொன்னார். "எந்த அலகுல?" என்று கேட்டாள் இவள். படுத்த படுக்கையில் இருந்தாலும் அலகு இல்லாத எண்ணுக்கு இவளிடம் மதிப்பெண் கிடையாது, அவர் சிரித்துக்கொண்டே அதையும் சொன்னார். நன்றாகவே இறங்கியிருக்கிறது, ஆனால் கர்ப்பிணிகள் பக்கத்தில் வந்து தங்குகிற அளவுக்கு இன்னும் இல்லை, மறுபடி அளந்து சொல்கிறேன் என்றார். அந்த நர்ஸ் பெண்ணிடமும் போய், நீ கையைப் பிடித்த நேரத்துக்குப் பயப்பட ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் அவள் வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்து, "இன்னும் எங்க வீட்லகூடச் சொல்லலம்மா, உங்ககிட்டதான் முதல்ல சொன்னேன்" என்றாள். சாப்பிட முடிகிறதா, காலையில் வாந்தி வருகிறதா என்று உன் அம்மா படுக்கையில் இருந்தே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னிடம் மட்டும் அன்று முழுக்கப் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான், "அவ யாரோ ஒருத்தி பெத்த பொண்ணுங்க" என்றாள். நான் செய்தது சரியா தப்பா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், மறுபடி அந்த நேரம் வந்தால் வேறு மாதிரி செய்வேனா என்றும் தெரியவில்லை.

ஸ்கேனும் வந்துவிட்டது. அயோடின் கழுத்தில் மட்டும்தான் தங்கியிருக்கிறது, உடம்பில் வேறு எங்கேயும் போகவில்லை, அப்படியென்றால் நோயும் வேறு எங்கேயும் இல்லை. டாக்டர் இதைச் சொன்னபோது உன் அம்மா தலையை மட்டும் ஆட்டினாள், வெளியே வந்து வண்டியில் ஏறிய பிறகு கொஞ்ச நேரம் கதவைச் சாத்தவே மறந்து உட்கார்ந்திருந்தாள். மாத்திரையெல்லாம் ஒழுங்காக உள்ளே போகிறது, நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விழுங்குவதைப் பார்க்கிறேன், டேப்பால் அளந்து போட்ட நாற்காலிதான். கதவுக்குத் தாழ்ப்பாள் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மறுபடி அளந்து, வரலாம் என்று அவர்கள் சொன்ன அன்றே உனக்குத் தகவல் தருகிறேன், உன் டாக்டர் பயணம் செய்யலாம் என்றால் வா, இல்லையென்றால் நாங்கள் கிளம்பி வருகிறோம். உன் கழுத்தையும் ஒருமுறை உன் டாக்டரிடம் காட்டு, அம்மாவுக்கு இப்படி இருந்தது என்று மறக்காமல் சொல், இங்கே டாக்டர் அதை வற்புறுத்திச் சொன்னார்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப் போகிற குட்டிக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடு வாழ வேண்டும். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், கனமான எதையும் தூக்காதே. இன்று காலை உன் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே, "அவ சாப்பிடறாளாமா?" என்று கேட்டாள். நீ போனை எடுப்பதில்லை என்று எப்படிச் சொல்வது. "நல்லா சாப்பிடறாளாம், நேத்துகூடப் பேசினா" என்று சொல்லிவிட்டேன். சரி என்று தலையைத் திருப்பிக்கொண்டாள், நம்பினாளா என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் அவளைக் கூப்பிட்டு அதை உண்மையாக்கிவிடு அம்மாடி.

இப்படிக்கு,
உன் அப்பா