வாணலியின் இன்னொரு காது

ஏப்ரல் 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கொடியில் காய்ந்த துணியெல்லாம் சுரங்கத்துக் கரித்தூசி. இரண்டு வேட்டி மறுபடி அலசல். வீட்டுக்காரருக்கு முதல் ஷிப்ட்.

திருநெல்வேலியிலிருந்து அப்பா கடிதம். பேத்தியைப் பார்க்க வரட்டுமா என்கிறார். மூன்றாவது முறை. தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, குவார்ட்டர்ஸில் வெள்ளையடிப்பு, இரண்டும் சொல்லியாகிவிட்டது. எங்கள் பிளாக்கில் எல்லோரும் அப்பாவை வாத்தியார் என்றே நினைத்திருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் இவர் ஷிப்ட் பஸ்ஸில் யாரிடமோ அளந்தது, நானும் தலையாட்டினேன். அப்பா வந்து சட்டையைக் கழற்றினால் தீர்ந்தது. முப்பது வருஷம் பனை உரசி நெஞ்செல்லாம் காய்ப்பு. எந்த வாத்தியாருக்கு அப்படி இருக்கும்?

வாங்க: சீயக்காய், ஊசி, பாப்பாவுக்கு ரிப்பன்.

ஏப்ரல் 12, வியாழன்

மகளிர் மன்றக் கூட்டம். வருஷப் பிறப்புப் பொருட்காட்சியில் ‘நம்ம கிராமம்’ ஸ்டால். குடிசை, உரல், நடுவே பதநீர் காய்ச்சி வெல்லம் எடுத்துக் காட்டுவது. காய்ச்ச வருவது குள்ளஞ்சாவடிப் பக்கத்துத் தனம், புருஷன் பனையேறி. செயலாளர் சரோஜா மேடம் மேற்பார்வைக்கு என்னைப் போட்டுவிட்டார். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

அடுப்புக்கு ஓலை கூடாதாம், புகையாம். நம்ம ஊர் நிலக்கரிதானாம்.

தனம்: “ஓலைன்னா வெளிய இழுத்துடலாங்க. கரிய எப்டிங்க இழுக்கறது? பதத்துல அடி புடிச்சிக்கும்.”

மேடம்: “அதெல்லாம் பாத்துக்கலாம்மா.”

தனம் சொன்னது சரி. எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. டீ சுமார்.

ஏப்ரல் 14, சனி

பாயசம், வடை. பிறகு ஸ்டால். நல்ல கூட்டம்.

பதநீர் பொங்கும்போதெல்லாம் தனம் ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டாள். நுரை அடங்கியது. பிள்ளைகள் கைதட்டல். அதுவரை கூட இருந்த அவள் புருஷன் மதியத்துக்கு மேல் பாளை சீவப் போய்விட்டார். அப்போது பார்த்துப் பாகு திரண்டது. கரி தணிகிற வழியாக இல்லை. இறக்கினால்தான் உண்டு.

தனம் வாணலியின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, “யாராச்சும் அந்தாண்ட புடிங்களேன், கருவுது!”

மேடம் பியூனைத் தேடினார். தீய்ந்த வாசனை. முந்தானையைச் சுருட்டி மறு காதை நான் பிடித்தேன். இறக்கினோம். அதோடு விட்டிருக்கலாம். துடுப்பை வாங்கிக் கிண்டினேன், தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தேன், “இப்ப சிரட்டைல ஊத்து” என்றேன்.

எதிர்வீட்டு லலிதா: “வாத்தியார் வீட்ல இதெல்லாம் எங்கங்க கத்துக்கிட்டீங்க?”

சமையல் குறிப்பு என்று சொல்லியிருக்கலாம்.

“எங்கப்பா வாத்தியார் இல்லீங்க. பனையேறி. அம்மா காய்ச்சுவா, நான் கிண்டுவேன்.”

லலிதா மேடத்தைத் திரும்பிப் பார்த்தாள். தனம் மட்டும், “அதான் பாத்தேன்! துடுப்பு புடிச்ச புடியே வேறயா இருந்திச்சி. அப்பா வந்தா சொல்லுங்க, எங்க வூட்டுக்காரரு பேசணும்பாரு.”

பயமில்லை. இத்தனை வருஷம் சொன்ன பொய்தான் வெட்கமாக இருந்தது. உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வெல்லம் லேசாகக் கசப்பு.

ஏப்ரல் 16, திங்கள்

மேகமூட்டம், மழையில்லை. காலையில் லலிதா கண்டுகொள்ளாமல் போனாள். மாலை மகளை அனுப்பி, வெல்லம் இருக்கா என்று கேட்டாள். கொடுத்தேன்.

இவர் வந்ததும் வராததுமாக: “பஸ்ஸில கேக்கறாங்க. என் மானத்த வாங்கிட்டியே.”

“பொய் சொன்னது நாம ரெண்டு பேரும்தானே.”

சாப்பாடு போட்டேன். பிறகு அப்பாவுக்கு எழுதினேன். உடனே புறப்பட்டு வாருங்கள். இங்கே ஒரு பனையேறி வீட்டார் உங்களோடு பேச ஆசைப்படுகிறார்கள்.

இவர் எட்டிப் பார்த்தார். “கார்டுலயா எழுதற? தபால்காரன்லேர்ந்து எல்லாரும் படிப்பாங்களே.”

படிக்கட்டும் என்றேன்.