செருமியது நான்தான், மாப்ளே

அன்பு மாப்ளே,

நீ கண்ணை மூடி இது மூன்றாவது ஆவணி. உன் நாடகக் குழுவைக் கனகம்தான் நடத்துகிறாள். என் தங்கை என்பதற்காகச் சொல்லவில்லை, உன்னைவிடக் கண்டிப்பு.

பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று வந்திருக்கிறது. செங்கல்பட்டில் நாம் ஆடும் மன்றத்தை ஐந்து வாரம் பூட்டி வைத்திருந்து, போன ஞாயிறுதான் திறந்தார்கள். நாற்காலிகள் தள்ளித் தள்ளி, வாசலில் முகமூடி, இருமுகிறவருக்கு அனுமதி இல்லை. கோளாறு ஏதும் நடந்தால் இந்த வருஷம் நாடகமே கிடையாது என்று மன்றச் செயலாளர் சொல்லிவிட்டார்.

உனக்குத் தெரியாததா? நம் குழுவில் மேடைக்கு வர வேண்டியவருக்குச் சைகை, பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல். இருபது வருஷம் நீ செருமினாய். நீ போனபின் நான். இந்தத் தடவை கைக்குட்டையை ஆட்டினால் போதும் என்று கனகம் மூன்று முறை சொன்னாள்.

இரண்டாவது காட்சி. மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த நம் தங்கராசு வாத்தியார்தான் மேடையேற வேண்டும்; அவரோ முகமூடியைக் கழற்றியபடி வேறெங்கோ பார்த்து நின்றார். கைக்குட்டையைக் கவனிக்கவே இல்லை. நான் செருமினேன். நன்றாகவே, உன்னைப் போலவே.

"எவனோ இருமுறான், வா, வூட்டுக்குப் போலாம்." முன்வரிசை எழுந்தது. பின்வரிசையும் எழுந்தது. தங்கராசு மட்டும் மிகச் சரியான நேரத்தில் மேடையேறி, காலி நாற்காலிகளிடம் வசனம் பேசினார்.

செயலாளர் உள்ளே ஓடிவந்தார். "இன்னாம்மா இது? யாரு இருமினது?"

"எங்க அண்ணன். நோவு இல்ல சார், அது சைகை."

"சைகையா? டாக்டராண்ட சீட்டு வாங்கிக்கினு வரச் சொல்லு. இல்லாங்காட்டி பூட்டுதான்."

மறுநாள் ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வரிசை. எனக்கு முன்னால், உடம்பு கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டு ஒரு பெண். அவளைப் பற்றிச் செய்தி எழுத வேண்டிய நிருபன் நான். எதற்கு வந்து நிற்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

"எத்தனை நாளா இருமல்?"

"ஒரே ஒரு தடவை, டாக்டர். நாடகத்துல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க. ஏழு நாள் வீட்ட விட்டு வெளிய வராதீங்க." சீட்டிலும் அதையே எழுதினார்.

செயலாளருக்கு அது போதுமாயிற்று. நான் வராவிட்டால் இந்த ஞாயிறு நாடகம் உண்டு.

இன்று ஞாயிறு. மணி ஐந்தே கால். இரண்டாவது காட்சி தொடங்கியிருக்கும். எத்தனை பேர் வந்தார்கள்? பயந்து எழுந்து போனவர்கள் திரும்ப வந்தார்களா? எதையும் நேரில் பார்த்தே எழுதிப் பழகியவன், இரண்டு தெரு தள்ளி நடப்பது தெரியாமல் கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடக்கிறேன். போனை எடுக்கிறேன், வைக்கிறேன். கனகம் இப்போது எடுக்க மாட்டாள்.

வாக்குத் தருகிறேன் மாப்ளே. அவள் வந்து சொல்லும்வரை இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். நாடகம் நடக்கட்டும், நாம் இரண்டு பேரும் இல்லாமலே.

உன் மச்சான்,
கனகத்தின் அண்ணன்