மருந்தாகாத விசம்

அக்கா,

இன்று காலை ஊர்காவற்றுறைத் துறைமுகத்தடியில் பல்கலைக்கழகத்துப் பெண்கள் இருவர், வலையில் வந்த கூம்புச் சங்குகளைப் பொறுக்கி ஸ்பிரிற் ஊற்றிய போத்தல்களில் போட்டுக்கொண்டிருந்தார்கள். உன் உடுப்பில் எந்நேரமும் இருந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி வந்தது. நீ செத்தும் அது ஆறவில்லை.

அம்மாவின் முள்ளந்தண்டில் புற்றுநோய் என்று தெரிந்த வருடம்தான் நீயும் கூம்புச் சங்கு ஆய்வுக்கென்று கொழும்பிலிருந்து வீட்டுக்கு வந்தாய். மீனைக் குத்தி மரத்துப்போகச் செய்யும் அந்தச் சங்கின் விசத்தில் பெப்ரைட்டு என்ற சின்னப் புரதத் துண்டுகள் எத்தனையோ இருக்கின்றன, அதில் ஒன்று நோவைக் கொண்டுபோகும் நரம்பையே அடைத்துவிடும் என்று சாப்பாட்டு மேசையில் விளங்கப்படுத்தினாய். மோர்பின் ஊசியைவிட நோவுக்குத் திறமாய்க் கேட்கும் என்றாய். அம்மா அடுத்த அறையில் அதைக் கேட்டபடி கிடந்தார். பிறகு நீ உன் போத்தல்களுக்காகப் பிரிட்ஜைத் திறக்கும் சத்தம் வரும்போதெல்லாம், "அது எனக்கோ பிள்ளை?" என்று கேட்பார்.

ஆசுபத்திரி மருந்து கேட்காமல் போனபோது, உன் காலில் விழாத குறையாக நான் கெஞ்சினேன்.

"அது இன்னும் மருந்தில்லையடி. விசம். மனிசருக்குக் குடுக்கேலாது" என்றாய்.

சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு சுருவில் கடற்கரைக்குச் சங்கு பொறுக்கப் போனாய்.

நீ சொன்னது சரிதான். அம்மா போன பிறகு, நீ பிரித்தெடுத்த அந்தப் புரதத் துண்டு ஆய்வுகூடத்து எலிகளின் மூச்சை நிறுத்தியது. கொழும்பிலிருந்து போன் எடுத்து, அன்றைக்குக் கொடுத்திருந்தால் நாங்களே அம்மாவைக் கொன்றிருப்போம் என்றாய். உன் குரலில் ஆறுதல் இருந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

என் கோபம் மருந்தைப் பற்றியதல்ல, அக்கா. அம்மா அலறத் தொடங்கினால் உனக்குக் கடலில் வேலை வந்துவிடும். அவர் ஓய்ந்த பிறகுதான் வாசல் படலையைத் திறந்து திரும்பி வருவாய். நோவைப் பற்றி ஊரெல்லாம் பேசின நீ, அந்தக் கட்டிலில் ஒருநாள்கூட வந்து இருக்கவில்லை. உன்னால் பார்க்க ஏலாது என்று பெரியம்மாவிடம் சொன்னாயாம். என்னால் மட்டும் முடிந்ததா? யாராவது கேட்டீர்களா?

பிறகு உனக்கும் புற்றுநோய் மார்பில் தொடங்கி எலும்புவரை போனது. கலியாணம் செய்யாத உனக்கு என்னை விட்டால் ஆளில்லை. கூட்டிவந்து, அம்மாவின் அறையிலேயே கிடத்தி, கழுவி, உடுப்பு மாற்றினேன். அன்பு என்று நினைத்துவிடாதே. வேறு யார் செய்வது?

ஒரு மத்தியானம் அலறி ஓய்ந்த பின் என் கையைப் பிடித்தாய்.

"இப்பிடியோ அம்மாவும் கத்தினவ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த மருந்தைவிடவும் அந்தப் பொய் உன் நோவுக்குக் கேட்டிருக்கும். எனக்கு அது தெரியும்.

"ஓம்" என்றேன்.

நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய். அதன்பின் நீ சாகும்வரை அந்தக் கட்டிலை விட்டு நான் விலகவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை. இப்போது நீ எழும்பி வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.