குளியலறை விளக்கும் உன் அம்மாவின் பெட்டியும்

அன்பு மகள் வாயாடிக்கு,

இதனால் சகலமானவருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறையில் நெடுங்காலமாக அழுது வடிந்துகொண்டிருந்த குண்டு பல்பு பணி ஓய்வு பெற்றது. அதன் இடத்தில், ரிமோட்டால் இயங்கும் வட்ட விளக்கு ஒன்று முறைப்படி பதவி ஏற்றுக்கொண்டது. விழாவுக்கு நானும் எலக்ட்ரீஷியனும் வந்திருந்தோம். உன் அம்மா மாடியில் துணி காயப்போடப் போய்விட்டதால் வாழ்த்துரை வழங்கவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை, சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், இருக்கக் கூடாத அளவுக்கு நன்றாகவே இருக்கிறேன். அம்மாவின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள், எலும்பு சரியாகக் கூடியிருக்கிறது, விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள், சமையலறையில் சப்பாத்தி மாவைப் பிசைந்தே அந்தப் பயிற்சியைச் செய்துவிடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாயே, அம்மா இனி அவ்வளவு தூரம் வர வேண்டாம், நின்ற இடத்தில் வழுக்கி விழுகிறவளிடம் குழந்தையை எப்படி விட்டுவிட்டு வேலைக்குப் போவேன், இங்கேயே ஒரு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று, அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முடிவை நீ மாற்ற வேண்டும். ஏன் மாற்ற வேண்டும் என்பது இந்த விளக்கு வாங்கிய கதையில் இருக்கிறது. போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் ஜோக்காகத்தான் வருகிறது, நீ சிரித்துவிடுகிறாய், நானும் தப்பித்துவிடுகிறேன். காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

விளக்கு வேண்டும் என்று முதலில் கேட்டது அம்மாதான். அந்தக் குளியலறைக்கு ஜன்னல் இல்லை என்பது உனக்குத் தெரியும், பட்டப் பகலிலும் விளக்கு போட்டால்தான் சோப்பு எது டப்பா எது என்று தெரியும். பளிச்சென்று ஒரு விளக்கு, தட்டினால் எரியணும், அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்று சொன்னால் எனக்குப் போதுமா. கடைக்குப் போய்க் கடைப்பையனைக் கேள்வியாய்க் கேட்டுத் துளைத்துவிட்டேன். ஈரம் உள்ளே போகாமல் சுற்றி ரப்பர் வைத்து அடைத்திருக்கிறதா, வெந்நீர் ஆவி பட்டால் கண்ணாடி மங்குமா, தலைக்கு மேல் தொங்காமல் கூரையோடு ஒட்டி நிற்குமா என்று நான் கேட்கக் கேட்க, அவன் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக் காட்டி அலுத்தே போனான். ரிமோட்டிலும் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றை விளக்குக்கு நேராக நீட்டித்தான் அமுக்க வேண்டும். இன்னொன்று கதவு சாத்தியிருந்தாலும், சுவர் நடுவில் நின்றாலும் வேலை செய்யும். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏற்றலாம், இறக்கலாம், வெள்ளையை மஞ்சளாக்கலாம். இரண்டாவது வகையைச் சொன்னதும் என் முகம் மலர்ந்ததைப் பார்த்துக் கடைப்பையன், சார் பசங்களுக்கு வாங்குறீங்களா என்று கேட்டான். ஆமாம், பெரிய பையன் ஒருத்தன் இருக்கான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பாவுக்குப் பதினாறு வயசோட கடிகாரம் நின்னு போச்சு என்று நீ அடிக்கடி சொல்வாய், நினைவிருக்கிறதா. அன்று அந்தக் கடிகாரம் பதினாறிலிருந்து பதினொன்றுக்குப் பின்னால் ஓடியது.

வீட்டுக்கு வந்து மாட்டும்போதுதான் என் மூளை உச்சத்தில் வேலை செய்தது. குளியலறைக் கதவுக்கு வெளியே இருந்த பழைய சுவிட்ச் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. ரிமோட் இருக்கும்போது சுவிட்ச் எதற்கு, எடுத்துவிடுங்கள் என்று எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன். அவரும் தாராளமாக எடுத்துவிட்டு, ஒயரை நேரடியாகக் கொடுத்து, ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மூடிவிட்டார். மாடியிலிருந்து இறங்கி வந்த அம்மா மூடியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏங்க சுவிட்ச் ஒண்ணு இருக்கட்டுமே என்றாள். நான் அவளுக்கு விஞ்ஞான வளர்ச்சியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ரிமோட்டைச் சுவரில் மாட்டி வைக்க ஒரு சின்னக் கூடு பெட்டிக்குள்ளேயே வந்திருந்தது, திருகாணியோடு. அதை நான் மாட்டவே இல்லை. மாட்டினால் ரிமோட் சுவரில் இருக்கும், என் சட்டைப் பையில் இருக்காது.

அதன் பிறகு நம் வீட்டில் யாராவது குளிக்க வேண்டுமென்றால் என்னிடம் விண்ணப்பம் போட வேண்டும் என்கிற நிலை வந்தது. யாராவது என்றால் வேறு யார், உன் அம்மாதான். அவள் உள்ளே போனதும் நான் வெளியே உட்கார்ந்து வெளிச்சத்தைக் குறைப்பேன், கூட்டுவேன், மஞ்சளாக்கி, சாயங்காலம் ஆயிடுச்சு சீக்கிரம் வா என்பேன். முதல் இரண்டு நாள் அவளும் உள்ளிருந்து சிரித்தாள். அப்புறம் விளையாடாதீங்க என்றாள். அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டாள், நான்தான் விடவில்லை. முழுவதும் அணைத்துவிட்டு, அவள் ஏங்க என்று கத்தும் வரை காத்திருந்து போடுவது எனக்குப் பிடித்த விளையாட்டாகிப் போனது. அந்த ஏங்க எவ்வளவு நீளமாக வருகிறது என்று கேட்பதற்காகவே அணைப்பேன். இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது. செய்யும்போது கூசவில்லை.

அன்று காலையிலும் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் குடோனுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டிக்கொண்டே வழக்கம் போல அணைத்தேன். அவள் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது கீழே எங்கள் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. அந்த டிரைவரை உனக்குத் தெரியும், இரண்டாவது ஹாரனுக்கு இறங்கி வராதவனை விட்டுவிட்டுப் போய்விடுவார். ஓடினேன். ரிமோட் என் சட்டைப் பையில் இருந்தது.

இதுதான் நடந்தது. நீ நினைத்துக்கொண்டிருப்பது போல உன் அம்மா கவனமில்லாமல் வழுக்கி விழவில்லை. முகம் முழுக்கச் சோப்போடு, கண் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்த இருட்டில், நான் வழக்கம் போல விளையாடுகிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றிருக்கிறாள். கூப்பிட்டால்தான் எனக்குக் கொண்டாட்டம் என்று வேண்டுமென்றே கூப்பிடாமல் நின்றாளாம். பிறகு கூப்பிட்டிருக்கிறாள். பிறகு குழாயைத் தேடி ஒரு அடி எடுத்து வைத்திருக்கிறாள். விழுந்தபோது கையை ஊன்றியதில் மணிக்கட்டு போனது. ஒற்றைக் கையால் வாளியைப் பிடித்து எழுந்து, தடவித் தடவித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்து, எப்படியோ நைட்டியை மாட்டிக்கொண்டு, எதிர் வீட்டு டீச்சர் கதவைப் போய்த் தட்டியிருக்கிறாள். டீச்சர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவர் போன் செய்ததும் வேலையைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டுக் காற்றாய்ப் பறந்து வந்து சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டபோது, அம்மா பாத்ரூம்ல வழுக்கிட்டா என்று உன்னிடம் சொன்னது நான். பொய் இல்லை பார், வழுக்கியது உண்மைதான். நீ அவளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, ரப்பர் செருப்பு போடச் சொல்லி எத்தனை தடவை சொல்லியிருக்கேன், உனக்கு நிதானமே கிடையாதும்மா என்று திட்டியது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் சரிம்மா, சரிம்மா என்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். அதோடு விட்டாயா, தலைசுற்றல் ஏதாவது இருக்கப் போகிறது, நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டுங்கள் என்றாய். மறுக்க வழியில்லாமல் கூட்டிப் போனேன். அந்த டாக்டர் அவளைத் தரையில் ஒரு கோட்டின் மேல் நேராக நடக்கச் சொன்னார், நடந்தாள். கண்ணை மூடிக்கொண்டு காலைச் சேர்த்து நிற்கச் சொன்னார், நின்றாள், கைக்கட்டோடு, இம்மி அசையாமல். காதுக்குள் பார்த்தார், கண்ணுக்குள் பார்த்தார். இவங்களுக்கு எந்தப் பிரச்சனையும் இல்லையே, எப்படி விழுந்தாங்க என்று என்னைக் கேட்டார். தெரியலை டாக்டர் என்றேன். உன் அம்மா பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

ஆட்டோவில் திரும்பும்போது, ஏன் நீ சொல்லவில்லை என்று அவளையே கேட்டேன், அந்தத் துணிச்சலும் எனக்கு இருந்தது. நான் எதுக்குச் சொல்லணும், உங்க வாய்தானே ஊரெல்லாம் பேசும், இதையும் அதுவே பேசட்டும் என்றாள். அதன் பிறகு அவள் என்னிடம் கோபமாக இல்லை, சண்டை போடவில்லை, காப்பி கொடுக்கிறாள், சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். என் ஜோக்குக்கு மட்டும் சிரிப்பதில்லை. சிரிக்காமல் இருக்க முயற்சி செய்கிற முகம் எனக்குத் தெரியும், அது இல்லை இது. காதில் விழாத முகம். கல்யாணமாகி வந்த நாள் முதல் என் அசட்டுத்தனத்துக்கெல்லாம் சிரித்த ஒரே ஆள் அவள்தான், அது நின்றுபோனால் இந்த வீட்டில் நான் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போன ஞாயிறு நீ வர வேண்டாம் என்று சொல்லி வைத்த பிறகு அவள் எழுந்து போய் மாவு பிசைந்தாள். திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண் மேல வைங்க, நடக்கிற இடத்துல இடிக்குது என்றாள். நீ டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பிக்கொண்டிருந்த பெட்டி. ஏணி போட்டுத் தூக்கினேன், கனத்தது. உள்ளே இருந்த எதையும் அவள் எடுக்கவில்லை, குட்டிப் பயலுக்குத் தைத்த சட்டைகள், பழைய புடவையில் மடித்துத் தைத்த மெத்தை விரிப்புகள், எல்லாம் அப்படியே. நான் பாதி ஏணியில் பெட்டியோடு நின்றுகொண்டு, இதை மேலே வைத்தால் நான் மனிதனே இல்லை என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வைத்தும் விட்டேன். வைத்த பிறகு தூக்கமும் வரவில்லை, வேலையும் ஓடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆகவே வாயாடி, உன் அம்மாவுக்கு நிதானம் குறையவில்லை, தலை சுற்றவில்லை, கால் தடுமாறவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் படம் எடுத்து அனுப்புகிறேன். குழந்தையை விட்டுவிட்டுப் போக இவளைவிடப் பத்திரமான ஆள் உனக்குக் கிடைக்க மாட்டாள். ஆபத்தான ஆள் நான்தான், என்னை வேண்டுமானால் வர வேண்டாம் என்று சொல், நியாயமாக ஏற்றுக்கொள்கிறேன். லைட் வாங்கப் போய்ப் பல்பு வாங்கி வந்தவன் என்று மாப்பிள்ளை கிண்டல் செய்தால் செய்யட்டும், அவரிடமும் இதைப் படித்துக் காட்டு. எலக்ட்ரீஷியனைத் திரும்பக் கூப்பிட்டுச் சுவிட்சை வைத்தாகிவிட்டது. தட்டினால் எரிகிறது, அம்மா கேட்டது போல. ரிமோட்டை அவளிடம் ஒப்படைத்தேன், அதை எங்கே வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை.

நீ முதலில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசு. திட்டியதற்காக அவளிடம் ஒரு வார்த்தை சொல். பிறகு என்னைக் கூப்பிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, இந்த முறை போனை ஸ்பீக்கரில் போட்டு அவளும் கேட்கும்படி வைக்கிறேன். டிக்கெட் தேதி மட்டும் தள்ளிப் போடாதே. குட்டிப் பயலுக்கு ஜலதோஷம் என்றாயே, தலையை ஈரமாக விடாதே, நீயும் வேலைக்குப் போகும் அவசரத்தில் காலைச் சாப்பாட்டை விடாதே. நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா முன்னும் உன் முன்னும் தலைகுனிந்து நிற்கும்,
அப்பா

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் இதை அம்மாவிடம் முழுவதும் படித்துக் காட்டினேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், காற்றாய்ப் பறந்து வந்தேன்னு எழுதியிருக்கீங்களே, டீச்சர் போன் பண்ணப்போ என்ன சொன்னீங்கன்னு எழுதலையே என்றாள். அவளுக்கு அது தெரியும் என்றே எனக்கு இத்தனை நாளும் தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன். டீச்சர் கூப்பிட்டபோது நான் குடோனில் எல்லோரையும் கூட்டி வைத்து, பையிலிருந்து ரிமோட்டை எடுத்து, இங்கிருந்து அமுக்கினால் அங்கே வீடே நடுங்கும் என்று வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தேன். உங்க வீட்டுக்காரம்மா விழுந்துட்டாங்க என்று அவர் சொன்னதும், எனக்குத் திருப்பிக் கொடுக்க அம்மா போடுகிற நாடகம் என்று நினைத்து, நடிக்கிறா டீச்சர், நம்பாதீங்க என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்ட பிறகுதான் கிளம்பினேன். பறந்தெல்லாம் வரவில்லை, பஸ்ஸில் வந்தேன்.